மூன்றாவது கூப்பாடு

அமுதவள்ளி உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தபோது, அவள் தட்டாத ஒரு பெயர் லேப்டாப்பின் லாகின் கட்டத்துக்குள் இருந்தது.

உக்கிரபாண்டி.

லாகின் பக்கம் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மேலே கரிக்கடையின் பெயர். கீழே ஆள் பெயரைப் போட ஒரு கட்டம், பாஸ்வேர்டு போட ஒரு கட்டம், அதற்கும் கீழே அமுக்க ஒரு பச்சைப் பட்டன். கரி வாங்குகிற யாவாரிகள் அதன் வழியாக உள்ளே வந்து, இன்றைக்கு எத்தனை லோடு இருக்கிறது, மூட்டை என்ன விலை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கல்யாணமாகி எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே இந்தக் கரிக்காட்டுக்கு வந்து சேர்ந்தவளுக்கு அது கைவேலை மாதிரிதான். ஆனால் பக்கம் இன்னும் வெளியே ஏறவில்லை. அவளுடைய லேப்டாப்புக்குள்ளேயே கிடந்தது. வேறு ஊரிலிருந்து எவனும் அதைத் தொட வழியே கிடையாது.

வீட்டில் வேறு யாரும் இல்லை. மாமியார் தங்கத்தாய் நூறு நாள் வேலைக்குக் கண்மாய்க்கரைக்குப் போயிருந்தாள். புருசன் மருதுபாண்டி கூப்பிடு தூரத்தில், குடோனில் இருந்தான். உச்சிவெயில். வேப்பமரத்தின் நிழல்கூட மரத்தின் காலடியில் சுருண்டு கிடந்தது. விறகை மண்ணால் மூடி எரிக்கிற கரிமூட்டத்திலிருந்து வரும் புகை மேலே ஏற முடியாமல் தரையோடு தரையாக ஊர்ந்து, சன்னல் கம்பி வழியாக உள்ளே வந்து, தொண்டையில் உட்கார்ந்தது.

இவர்தான் வந்து தட்டிப் பார்த்திருப்பார் என்று நினைத்தாள். செத்த அண்ணன் பெயரைப் போட்டுப் பார்க்க ஒரு மனுசனுக்குத் தோன்றாதா? கீழே 'இன்னொரு தடவை கூப்பிடுங்க' என்று பக்கம் பதில் சொல்லியிருந்தது. அந்தப் பெயரை அழித்தாள். அழித்த விரலில் கரி ஒட்டியிருந்தது. சாவிப்பலகையில் எழுத்துக்கு எழுத்து கருப்பாக ஒரு தடம். எல்லாமே ஒரே விரலின் தடம். அகலமாக, கட்டையாக. கட்டைவிரல்.

கரிக்காட்டில் கரி ஒட்டாத பொருள் ஏது என்று முந்தானையால் துடைத்துவிட்டு உலையைப் பார்க்கப் போனாள்.

உக்கிரபாண்டி அவளுக்கு மூத்தார். புருசனின் அண்ணன். மாசி கழிவதற்கு முன்னால் இதே மாதிரி ஓர் உச்சிவேளையில்தான் அவரை வெட்டினார்கள். மூட்டக்காரர்கள் எல்லோரும் தூரத்துப் புளியமரத்தடியில் கஞ்சி குடிக்கப் போயிருந்தார்கள். அவர் குடோனுக்குள் சாக்கை விரித்துப் படுத்திருந்தார். தகரக் கதவை உள்ளே கொக்கி போட்டிருந்தார். யாரோ வந்து கூப்பிட்டிருக்கிறார்கள். அவரே கொக்கியைத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்திருக்கிறார். முதல் வெட்டு கழுத்தில். கதவை மறுபடி சாத்தப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது, இரண்டாவது வெட்டு கையில். ஆட்கள் திரும்பி வந்தபோது உடம்பு கரிப்பொடிக்குள் குப்புறக் கிடந்தது. ரத்தமும் கரியும் குழைந்து தார் மாதிரி ஆகியிருந்தது. வலது கையின் நாலு விரலும் கொக்கியிலேயே இருந்தன. கட்டைவிரல் மட்டும் கையோடு இருந்தது.

கண்மாய் மரத்தை ஏலம் எடுப்பதில் போட்டி போட்ட வெளியூர்க்காரர்கள்தான் செய்திருப்பார்கள் என்று ஊர் பேசியது. இரண்டு பேரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். கூப்பிட்ட சத்தம் கேட்டதா என்று போலீஸ் எல்லோரையும் விசாரித்தது. யாருக்கும் கேட்கவில்லை.

அந்த மனுசன் அமுதவள்ளிக்கு அப்பன் மாதிரி. மூட்டத்து வேக்காட்டோடு வாசலில் வந்து நின்று, "தாயி, தண்ணி" என்பார். வேறு பேச்சு கிடையாது. சொம்பு நிறைய வாங்கி, அண்ணாந்து ஒரே மூச்சில் குடிப்பார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மறுபடியும் சொம்பை நீட்டுவார். இந்த லேப்டாப்பும் அவர் வாங்கித் தந்ததுதான். படித்த பிள்ளை எதற்குக் கரி மூட்டை தைக்கணும் என்று சொல்லி வாங்கித் தந்தார்.

அவர் செத்த பிறகு தங்கத்தாய் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டாள். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருக்கிற வழக்கம்தான், இவள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உச்சிவேளையிலும் விளக்கு வைக்கிற நேரத்திலும் யார் கூப்பிட்டாலும் உடனே "ஏன்" என்று கேட்கக் கூடாது. கதவைத் திறக்கக் கூடாது. மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனுசன். செத்ததுக்கு ஒரு நாளைக்கு ஒரு கூப்பாடுதான். அதோடு அதன் தொண்டை வற்றிவிடும், மறுநாள் உச்சிவரைக்கும் சத்தம் வராது.

மருதுபாண்டி இதற்கெல்லாம் சிரிக்கிற ஆள். ஆனால் அண்ணன் போன பிறகு அவன்தான் அந்தச் சட்டத்தைத் தாயை விடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். இந்தப் பக்கத்தைச் செய்யச் சொன்னபோதும், "நம்ம வாசல் எப்படியோ அப்படியே இதுவும் இருக்கணும். எடுத்த எடுப்புல எவனையும் உள்ள விடாத" என்றான். அமுதவள்ளிக்குச் சிரிப்பு வந்தது. மற்ற லாகின் பக்கமெல்லாம் மூன்று தடவை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். இவள் செய்த பக்கம் முதல் இரண்டு தடவையும், என்ன போட்டாலும், 'இன்னொரு தடவை கூப்பிடுங்க' என்று சொல்லும். மூன்றாவது தடவைதான் திறக்கும். யார் எத்தனை தடவை கூப்பிட்டார்கள் என்பதை அது மறக்காமல் வைத்துக்கொள்ளும். பாஸ்வேர்டு சரிதானா என்று பார்க்கிற வேலையை மட்டும் அவள் இன்னும் சேர்க்கவில்லை. மூன்று தடவை கூப்பிடுகிறது மனுசன்தானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

மறுநாளும் அதே வேளை.

இந்தத் தடவை அவள் எங்கேயும் போகவில்லை. லேப்டாப்பின் முன்னால்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மேல் தகரம் வெயிலில் விரிந்து டக்கென்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. எங்கோ ஒரு மயில் கத்தி நிறுத்தியது. அது நிறுத்தியதும் கொல்லையில் கட்டியிருந்த ஆடுகளும் அசை போடுவதை நிறுத்தின. எல்லாம் அப்படியே நின்றது. அப்போது புகை வாசம் மாறியது. வேகிற மூட்டத்தின் வறண்ட வாசம் இல்லை. தண்ணீர் ஊற்றி அணைத்த மூட்டத்தின் வாசம். நனைந்த கரி. அதற்குள் ஆட்டைக் கழுத்தறுத்த இடத்தில் வருமே, அந்த இரும்பு வாசம்.

சாவிப்பலகையில் ஓர் எழுத்து தானாக அமுங்கியது.

டொக்.

அவள் கையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். இன்னொரு எழுத்து. ஒற்றை விரலால் எழுதப் பழகுகிறவன் மாதிரி, ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே தேடித் தேடி. அமுங்கிய சாவியின் மேல் கருப்பாக ஒரு தடம் வந்து, ஈரமாக மினுங்கியது. பெயர் முடிந்தது. கீழ்க் கட்டத்தில் பாஸ்வேர்டுக்கான புள்ளிகள் நாலைந்து விழுந்தன. பச்சைப் பட்டன் உள்ளே போய் வந்தது.

'இன்னொரு தடவை கூப்பிடுங்க' என்றது பக்கம்.

ஆடுகள் மறுபடி அசை போட ஆரம்பித்தன.

மருதுபாண்டி சாயந்திரம் வந்ததும் சொன்னாள். அவன் சிரிப்பான் என்று நினைத்தாள், அல்லது திட்டுவான் என்று. அவன் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அவளையே பார்த்தான். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். வளையல் இரண்டு உடைந்து, ஒன்று சதையில் இறங்கியது. எவன் சொல்லிக் கொடுத்து இப்படி நாடகம் ஆடுகிறாய் என்று கேட்டான். குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தாள். கையை விட்டுவிட்டு வட்டிலை எட்டி உதைத்தான். சோறு சுவர் வரைக்கும் போய் அப்பியது. இரவல் குரலில் பேசுகிறவன் மாதிரி, சுவரைப் பார்த்தே சொன்னான்:

"எங்கண்ணன் ஒரு மடையன். ஒத்தக் கூப்பாட்டுக்கே எந்திரிச்சு வந்து கொக்கியத் தூக்குனான். இன்னும் ரெண்டு தடவ கூப்புடட்டும்னு கெடந்திருந்தா இன்னைக்கு இருப்பான்ல."

லேப்டாப்பை எடுத்து இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டினான். "எவன் வந்து தட்டுறான்னு பாப்போம்" என்று சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான்.

அமுதவள்ளி சுவரில் ஒட்டிய சோற்றை வழித்துக்கொண்டிருந்தாள். கை தானாக நின்றது.

ஒத்தக் கூப்பாடு.

கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. புளியமரம் அவ்வளவு தூரம். கேட்டவர் ஒருத்தர், அவர் செத்துப்போனார். ஒரே ஒரு தடவைதான் கூப்பிட வேண்டியிருந்தது என்பது இன்னும் ஓர் ஆளுக்குத்தான் தெரியும். கூப்பிட்டவனுக்கு. குடோனைப் பங்கு பிரிக்க மாட்டேன் என்று அண்ணன் சொன்னதும், தை மாசம் முழுக்க இரண்டு பேரும் முகம் பார்க்காமல் இருந்ததும், வெட்டு நடந்த அன்றைக்கு இவன் அந்த உச்சிவேளையில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்றதும் ஒவ்வொன்றாக வந்து அவள் முன்னால் உட்கார்ந்தன. தம்பி குரல் கேட்டால் எந்த அண்ணன் மூன்றாவது கூப்பாட்டுக்குக் காத்திருப்பான்?

அவன் முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். தூங்கவில்லை. அவளும்தான்.

விடிந்ததும் எப்போதும்போலக் குடோனுக்குப் போனான். மாமியாரும் மண்வெட்டியோடு போனாள். அமுதவள்ளி ஒரு பையில் சேலைகளை எடுத்து வைத்தாள். நரிக்குடியில் அம்மா வீடு இருக்கிறது. மத்தியான மினிபஸ்ஸில் ஏறிவிடலாம். கதவைத் தாழ் போட்டுவிட்டு, பஸ் வருகிற நேரத்துக்காகப் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெளியே வெயில் ஏறி ஏறி, வாசல்மண் வெள்ளையாகி, கண்ணைக் கூசவைத்தது. மயில் கத்தியது.

நின்றது.

பீரோவுக்குள் சின்னதாக ஓர் இரைச்சல். லேப்டாப்பின் காற்றாடி சுற்றுகிற இரைச்சல். பீரோக் கதவின் இடுக்கில் மேலிருந்து கீழ்வரைக்கும் வெளிச்சம், நூல் பிடித்த மாதிரி.

டொக்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. செத்ததுக்கு ஒரு நாளைக்கு ஒரு கூப்பாடு. மறுநாள் அது வந்து நின்றால் வாசலுக்கு முந்தைய நாள் கூப்பிட்டது ஞாபகம் இருக்காது. மறுபடி முதலில் இருந்துதான். அப்படியே எத்தனை வருசம் கூப்பிட்டாலும் மூன்றைத் தொட முடியாது. அதனால்தான் இத்தனை காலமும் வீடுகள் வீடுகளாக இருக்கின்றன. அவள் செய்த வாசல் மறக்காது. அப்படித்தான் அதை எழுதியிருந்தாள்.

டொக். டொக்.

பீரோவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. அரிவாள்மனையை எடுத்து இடுக்கில் கொடுத்து நெம்பினாள். வெளிச்சம் விரலில் பட்டது, கதவு திறக்கவில்லை. போனை எடுத்து மருதுபாண்டியைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் மறந்துதான் கூப்பிட்டாள். சாவி அவனிடம்தான் இருந்தது.

"சாவிய எடுத்துட்டு ஓடியாங்க. அது எழுதுது. மூணாவது தடவ எழுதுது."

அந்தப் பக்கம் தகரக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஓடுகிற மூச்சு கேட்டது. லைன் அறுந்தது.

பீரோவுக்குள்ளும் சத்தம் நின்றிருந்தது. பாதிப் பெயரில் கை நின்ற மாதிரி. கேட்கிற மாதிரி.

நனைந்த கரி வாசம் இப்போது உள்ளே இல்லை. வெளியே இருந்து வந்தது. வாசல் பக்கமிருந்து.

சரளை மண்ணில் செருப்பு தேய ஓடிவருகிற சத்தம். அவனுடைய ஓட்டம்தான். அதற்குப் பின்னால் இன்னொரு நடை. அது ஓடவில்லை. அவசரமில்லாமல், சாக்கை இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி, ஓர் அடி. இழுப்பு. ஓர் அடி.

"அமுதா!"

கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. போன கை நின்றது. உச்சிவேளை. முதல் கூப்பாடு. தங்கத்தாயின் சட்டம். அவன் சட்டம்.

கதவில் அவன் உடம்பு வந்து மோதியது. தாழ் குதித்தது. பிறகு சன்னல் பக்கம் வந்தான். பாதி சாத்திய பலகைக்குக் கீழே, கம்பிகளுக்கு நடுவே, நாலு விரல்கள் உள்ளே வந்து கம்பியைப் பிடித்தன. மோதிர விரலில் செப்பு மோதிரம். அவன்தான். பேயில்லை, பிசாசில்லை. அவள் கழுத்தில் தாலி கட்டிய கை.

"அமுதா, தெறடி. எங்கண்ணன்டீ…"

இரண்டாவது.

இன்னும் ஒரு தடவை கூப்பிடட்டும் என்று நின்றாள். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கை தாழ்ப்பாளைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒரு விரற்கடை தள்ளினால் போதும். கொக்கியைத் தூக்கிய அந்த மனுசனின் கை கண்ணுக்கு முன்னால் வந்தது. அவள் தள்ளவில்லை.

வெளியே இழுப்பு நின்றது.

காற்றை வெட்டுகிற சத்தம். ஈரவிறகில் அரிவாள் இறங்குகிற சத்தம். கம்பியைப் பிடித்த விரல்கள் ஒரு தடவை இறுகின. பிறகு விட்டன. விட்டவை வெளியே போகவில்லை. உள்ளே விழுந்தன. சன்னல் திட்டில் ஒன்று. தரையில் மூன்று. மோதிரம் உருண்டு வந்து அவள் காலில் முட்டியது.

மறுபடி அரிவாள். மறுபடி. கதவில் தெறிக்கிற சத்தம். கதவோடு ஓர் உடம்பு சரிந்து கீழே இறங்குகிற சத்தம். தொண்டைக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஏதோ.

அவன் மூன்றாவது தடவை கூப்பிடவே இல்லை.

கதவுக்கு அடியில் இருந்து ஒரு கருஞ்சிவப்புக் கோடு உள்ளே வந்தது. தரையில் இருந்த கரித்தூசியைச் சேர்த்துக்கொண்டு, தடித்து, அவள் பாதத்தைச் சுற்றிக்கொண்டு, பீரோ இருந்த பக்கம் ஓடியது. வழி தெரிந்த மாதிரி.

டொக்.

பீரோவுக்குள். மீதி எழுத்துகள்.

டொக். டொக்.

பச்சைப் பட்டன்.

பூட்டு தானாகத் திரும்பியது. பீரோக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. அவள் திரும்பவில்லை. முன்னால் இருந்த சுவரில் வெளிச்சம் விழுந்தது. அந்த வெளிச்சத்துக்குள் ஓர் ஆள் நிழல் எழுந்து நின்றது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இருக்க வேண்டியதை விட அதிகமாகச் சாய்ந்திருந்தது.

"தாயி."

மூன்று நாளில் மூன்று தடவை கூப்பிட்டாகிவிட்டது. இனி "ஏன்" என்று கேட்கத்தான் வேண்டும்.

"ஏன்" என்றாள்.

"தண்ணி."

அவள் போனாள். கால் வழுக்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். பானையில் சொம்பை முக்கினாள். திரும்பும்போது திரையைப் பார்த்தாள். உள்ளே வருகிற யாவாரிகளுக்காக அவளே எழுதி வைத்த வாசகம். 'வாங்க, உக்கிரபாண்டி. உட்காருங்க.'

அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொம்பை வாங்கினார். ஒற்றைக் கட்டைவிரலும் உள்ளங்கையுமாக அதைச் சேர்த்துப் பிடித்து, எப்போதும்போல அண்ணாந்தார். கழுத்து பிளந்துகொண்டது. ஒரே மூச்சில் குடித்தார். குடித்த தண்ணீர் அத்தனையும் கழுத்துவழியாகக் கொட்டி, மார்பில் இறங்கி, கருப்பாகித் தரையில் விழுந்தது.

தொண்டை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

காலிச் சொம்பை அவளிடம் நீட்டினார்.